காலருக்கு எட்டு எண்ண வேண்டும்

முதலாளிகள் நான்கு பேர் மாறினார்கள், மார்க்குக்காரர் மாறவில்லை. சலவை நிலையத்தைத் தொடங்கியவர் ஒரு கிழவர். அவருக்குப் பிறகு அவருடைய மருமகன். மருமகனைக் கழற்றிவிட்டு அவனுடைய கூட்டாளி. கூட்டாளி படுத்த படுக்கையானதும் அவனுடைய பெரியம்மா மகன். இத்தனை பேர் காலத்திலும் வாசலை ஒட்டிய மேசையில் மைப்புட்டியும் கூர்சீவிய குச்சியுமாக உட்கார்ந்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

வேலை இதுதான்: உள்ளே வருகிற ஒவ்வொரு துணியின் உள்மடிப்பிலும் அழியாத மையில் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு மார்க்கு. அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பெயர் எழுதச் சொன்னால் விழிப்பார். அதனால் புள்ளியும் கோடும் கொக்கியுமாகத் தானே ஒரு முறை கண்டுபிடித்துக்கொண்டார். பல் டாக்டர் வீட்டுக்கு மூன்று புள்ளி. பள்ளிக்கூட மேலாளருக்கு ஒரு கோட்டின் தலையில் ஒரு புள்ளி. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு கொக்கியும் அதன் வயிற்றில் இரண்டு புள்ளியும். அறுநூறு வீட்டு மார்க்கும் அவர் தலைக்குள்தான் இருந்தன. காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்தால் போதும், கடையே தலையால் தண்ணீர் குடிக்கும்.

அழுத்தும் இயந்திரத்தில் நிற்கிற பெண்ணுக்கு நீராவி அக்கா என்று பெயர். வாய் ஓயாது. "இவரு போற உசுரைக்கூட உள்பக்கம் திருப்பிப் பாத்து யாரு வீட்டுதுன்னு சொல்லிருவாரு" என்பாள். மார்க்குக்காரர் சிரிக்க மாட்டார், ஆனால் காது மடல் சிவக்கும். தன் மார்க்கு தப்பாது என்பதில் அந்த மனிதருக்கு அத்தனை கர்வம்.

அவருக்குப் பெற்றோர் சீக்கிரம் போய்விட்டார்கள். பன்னிரண்டு வயது இளைய தம்பி ஒருவன். இவர் கல்யாணம் செய்தபோது அந்தப் பெண்ணும் தாயில்லாதவள். அவளும் ஒரு தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டுதான் புகுந்த வீட்டுக்கு வந்தாள். "எனக்கு அண்டா குண்டா எதுவும் தரலை, இவனைத்தான் குடுத்து அனுப்புனாங்க" என்று வேடிக்கையாகச் சொல்வாள். ஆக அந்த ஒண்டிக் குடித்தனத்தில் இரண்டு பையன்கள், ஒரே பாய், ஒரே போர்வை, ஒரே அடி. தம்பதிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிறகென்ன, இவர்கள்தான் பிள்ளைகள். தம்பியைச் சின்னவன் என்றார்கள். மைத்துனனுக்குத் துரை என்று பட்டப்பெயர், தலையை வாரிக்கொண்டே இருப்பான் என்பதால். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். வளர்ந்ததும் சின்னவன் அதே சலவை நிலையத்தில் சைக்கிளில் துணி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கு வந்தான். துரை எந்த வேலையிலும் மூன்று மாதம் தங்கவில்லை.

சலவை நிலையத்தில் வெளியே சொல்லாத வழக்கம் ஒன்று உண்டு. எந்த ஊர்ச் சலவை நிலையத்திலும் இருக்கும், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருநாள் உடுப்பு என்று பெயர். வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நல்ல காரியம், கெட்ட காரியம் வந்தால், அலமாரியில் இருக்கிற வாடிக்கையாளர் துணியில் அளவானது ஒன்றை எடுத்து ஒரு நாள் உடுத்திக்கொள்வது. மறுநாள் காலையில் துவைத்து, தேய்த்து, பழைய கட்டுக்குள் வைத்துவிட வேண்டும். முதலாளிக்குத் தெரியாது, அல்லது தெரியாததுபோல் இருப்பார். மார்க்குக்காரரே பெண் பார்க்கப் போனது ஒரு வங்கி அதிகாரியின் சட்டையில்தான். "நான் தலையாட்டுனது அந்தச் சட்டைக்கு. உள்ள இருந்த ஆளு கொசுறு" என்று மனைவி அடிக்கடி குத்திக்காட்டுவாள்.

துரைக்கு ஒரு மொத்தவிற்பனைக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணல் வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் அவன் சின்னவனைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், மானத்தைக் காப்பாத்து. ஒரே ஒரு சட்டை."

சின்னவன் அலமாரியிலிருந்து நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட சட்டை ஒன்றை உருவிக் கொடுத்தான். அது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கண்ணாடிக்காரர் வீட்டுச் சட்டை. அவர் வெள்ளிக்கிழமை ஐந்து சட்டை சலவைக்குப் போட்டுவிட்டுப் போயிருந்தார், வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி. செவ்வாய் நேர்காணல். வேலை கிடைத்துவிட்டது. நாளைக்கே வந்து சேர் என்றார்கள். துரையிடம் வேறு நல்ல சட்டை ஏது? புதன்கிழமையும் அதையே மாட்டிக்கொண்டு போனான்.

புதன் மதியம் சின்னவன், ரயில் பாதைக்கு மேல் போகிற நடைபாலத்தின் இரும்புப் படியில் காத்திருந்தான். சாப்பாட்டுக்குத் துரை அந்த வழியாகத்தான் வருவான்.

"கழட்டுடா. நாளைக்கு அந்த ஆளு வந்து நிப்பாரு. எப்ப துவைச்சு எப்ப காய வைக்கறது?"

"நடு ரோட்டுலயா கழட்டுவாங்க? சாயங்காலம் தர்றேன் போடா."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிருவாரு. கழட்டுன்னா கழட்டு!"

சின்னவன் காலரைப் பிடித்து இழுத்தான். கிடங்கில் வேலை செய்கிற இரண்டு பேர் பாலத்தின் மறுமுனையில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். புது வேலை, புது ஆட்கள், துரைக்கு அவமானம். ஒரு தள்ளுத் தள்ளினான். அவ்வளவுதான். காலர் சின்னவன் கையோடு போயிற்று. சின்னவன் பதினெட்டுப் படி உருண்டு, கடைசிப் படியின் இரும்பு விளிம்பில் பின்மண்டை அடிபட்டு விழுந்தான். துரை எட்டிப் பார்த்தான். ரத்தத்தைக் கண்டான். ஓடினான். பயணச்சீட்டு விற்கிறவர் ஒருவர் மட்டும் நீலக்கோட்டுச் சட்டை ஓடுவதைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. இதைத் தெரிந்தவர்கள் அன்றைக்கு இரண்டே பேர்: ஒருவன் பேச்சிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான், இன்னொருவன் வீட்டுக்குப் போய்ப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு அழுதுகொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், சின்னவனின் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் ஒரு பையில் போட்டு மார்க்குக்காரரிடம் கொடுத்தாள். "கையில இதைப் பிடிச்சிருந்தாரு, விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தோம்" என்று ஒரு துண்டுத் துணியையும் கொடுத்தாள். நீலத்தில் வெள்ளைக் கோடு. மார்க்குக்காரர் பழக்க தோஷத்தில் உள்பக்கம் திருப்பினார். ஒரு கொக்கி. அதன் வயிற்றில் இரண்டு புள்ளி.

கண்ணாடிக்காரரின் கடை அந்தப் பாலத்திலிருந்து நூறு அடி. திங்கட்கிழமை காலைதான் சின்னவன் சைக்கிளைச் சாய்த்து அந்தக் கடையின் காட்சிப் பெட்டியில் விரிசல் விட்டிருந்தான். கண்ணாடிக்காரர் தெருவில் நின்று, "இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தே, காலை உடைச்சிருவேன்" என்று கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது. மார்க்குக்காரருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

வராந்தாவில் மைத்துனன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவனிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"எவன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுடா."

துரைக்கு முகம் வெளுத்தது. "யாரு மாமா?"

"கண்ணாடிக்காரன். என் மார்க்கே காட்டிக் குடுத்திருச்சு."

துரை அப்படியே தரையில் உட்கார்ந்தான். மாமா அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். பாவம், பிள்ளை தாங்க மாட்டேன் என்கிறான் என்று நினைத்தார். அந்த ஒரு நிமிஷத்தில் துரை உண்மையைச் சொல்லியிருந்தால், கன்னத்தில் நாலு அறை விழுந்திருக்கும், போலீஸ் வந்திருக்கும், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. ஒரு மனிதனின் கையும் அவன் குடும்பத்தின் பெயரும் தப்பித்திருக்கும். அவன் சொல்லவில்லை.

சாயங்காலம் எஸ்.ஐ. வந்தார். தன்மையான மனிதர்தான். "பெரியவரே, அவர் கையில, பையில ஏதாவது இருந்துச்சா? ஒரு நூலு இருந்தாக்கூடப் போதும்" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார்."

காலர் அவர் இடுப்பு மடிப்பில் இருந்தது.

அவருக்குப் போலீஸ் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் காகிதம், கோர்ட்டு, தேதி, மறுபடியும் தேதி என்று போய், கண்ணாடிக்காரன் நல்ல வக்கீல் வைத்துச் சிரித்துக்கொண்டே வெளியே வருவான் என்று மனசு சொன்னது. அவர் கையால் வளர்த்த பிள்ளை. யாரோ எழுதுகிற காகிதத்துக்கு அவன் கணக்கை விட்டுவிட மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல வேலைக்கு வந்தார். "ஏன் வந்தீங்க, போய்த் தம்பி பக்கத்துல இருங்க" என்றாள் நீராவி அக்கா. அவர் மேசையில் உட்கார்ந்து மைப்புட்டியைத் திறந்தார். பத்தரை மணிக்குக் கண்ணாடிக்காரர் உள்ளே வந்தார். கையில் துணி வாங்குகிற சீட்டு.

"தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு? கேள்விப்பட்டேன். அன்னிக்கு நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

மார்க்குக்காரர் அவருடைய கண்ணைப் பார்த்தார். என்ன நடிப்பு என்று நினைத்தார். அந்தச் சீட்டில் வெள்ளிக்கிழமைத் தேதி இருந்தது, ஐந்து சட்டை என்று இருந்தது. மார்க்குக்காரரின் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் அந்தக் கட்டு இருந்தது, அதில் நான்கே சட்டை. திரும்பிப் பார்த்திருந்தால் போதும். இருபத்திரண்டு வருஷம் அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அன்றைக்குத் திரும்பவில்லை. சட்டைகள் சொந்தக்காரன் அல்லாத முதுகில் ஏறித் தெருவில் நடக்கும் என்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர். அது அன்றைக்கு அவர் நினைப்பிலேயே வரவில்லை. மார்க்கைப் பார்த்தார், ஆளைத் தீர்மானித்துவிட்டார்.

"உள்ள வாங்க சார். ஒரு சட்டையில கறை போகலை. நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க."

நீராவி அக்கா தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அழுத்தும் இயந்திரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கீழே ஒரு மெத்தைப் பலகை, மேலே கொதிக்கிற இரும்புத் தட்டு, தரையில் ஒரு மிதி. மார்க்குக்காரர் யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையைப் பலகையில் விரித்தார். கண்ணாடிக்காரர் குனிந்து, வலது கையை அதன் மேல் வைத்து, கட்டைவிரலால் துணியைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி வில்லை தேய்க்கிறவர் அல்லவா, எதையும் விரலால்தான் பார்ப்பார்.

மார்க்குக்காரர் மிதித்தார்.

காலருக்கு எட்டு எண்ண வேண்டும் என்பது அந்த வேலையின் கணக்கு. ஒன்று குறைந்தால் சுருக்கம் நிற்கும், ஒன்று கூடினால் மஞ்சளாகும். அவர் வாய்விட்டு எட்டு எண்ணினார். அந்த எண்ணிக்கையைக் கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள், கண்ணாடிக்காரரின் அலறலுக்கு நடுவிலும் கேட்டார்கள். நீராவி அக்கா ஓடி வந்து இவரை இடித்துத் தள்ளித் தட்டைத் தூக்கியபோது அவர் ஏழு எண்ணித் தாண்டியிருந்தார்.

"பாவி! என்ன பண்ணிட்டே நீ!" என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அவர் பின்பக்கம் போனார். இடுப்பிலிருந்து காலரை எடுத்துக் கொதிகலனின் அடுப்புக்குள் போட்டார். இனி அது எதற்கு? முகத்தைக் கழுவினார். நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

சின்னவன் கண் திறந்திருந்தான். டாக்டர் சொல்லியிருந்தார்: கேட்கிறது, புரிகிறது, பேச்சும் கைகாலும்தான் வரவில்லை. மார்க்குக்காரர் அவன் காதருகே குனிந்தார்.

"முடிச்சிட்டேன்டா. அந்தக் கண்ணாடிக்காரன் கை இனி ஆகாது. உன்னைத் தள்ளுன கை."

சின்னவனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண் இரண்டும் பிதுங்கின. தலையை இப்படியும் அப்படியும் உருட்ட முயன்றான். கண்ணீர் காதுக்குள் ஓடியது. கழுத்து நரம்பு புடைத்து, மறுபடியும் அந்தச் சத்தம்.

"அழாதடா. உனக்கு நான் இருக்கேன்ல."

அவன் நன்றியில் அழுகிறான் என்றுதான் அவர் நினைத்தார். எஸ்.ஐ. வந்து தோளில் கை வைத்தபோதும் அந்தத் திருப்தி அவர் முகத்தில் இருந்தது. "நேத்து ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே" என்றார் எஸ்.ஐ. அவ்வளவுதான் கேட்டார்.

சின்னவன் பதினோராம் நாள் இறந்தான். அண்ணனை வெளியே விடவில்லை. துரைதான் தூக்கினான், துரைதான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதான்.

அதற்கு அடுத்த வாரம் மனைவி சிறைக்கு வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை.

"பெட்டிக்கு அடியில ஒரு சட்டை கெடைச்சுது. காலர் இல்லாம."

அவருக்குப் புரியவில்லை. "யாரு பெட்டி?"

"என் தம்பி பெட்டி. நீலக் கோடு." அவள் மூச்சு வாங்கினாள். "ஒருநாள் உடுப்பு. நம்ம சின்னவனே எடுத்துக் குடுத்தது. திருப்பிக் கேக்கப் போயிருக்கான். இவன் தள்ளியிருக்கான். வேணும்னு தள்ளலையாம். என் கால்ல விழுந்து சொன்னான்."

மார்க்குக்காரர் வலையைப் பிடித்துக்கொண்டார். "சட்டை எங்க?" என்றார்.

"கிழிச்சுட்டேன். அடுப்புத் துணியாக்கிட்டேன்."

"ஏண்டி?"

"பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? ஒருத்தன் மண்ணுக்குள்ள. நீங்க கம்பிக்குள்ள. இவனும் போயிட்டா நான் யாரு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது? வாயைத் திறக்காதீங்க. ஆனது ஆச்சு. உங்களை வேண்டிக் கேக்கறேன்."

அவர் திறக்கவில்லை. அவளுக்காக மட்டும்தான் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். சிறைக்குள் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. தம்பிக்காக நின்ன ஆளு என்று காவலர்கள்கூட உட்காரச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் அவர் யார்? ஒன்றும் அறியாதவன் கையை வேகவைத்த ஆள். அந்தப் பெயரைச் சுமக்க அவருக்குத் தெம்பு வரவில்லை.

வழக்கு நடந்தது. அரசாங்கம் வைத்துக் கொடுத்த வக்கீல், தம்பியைக் கொன்றவனைக் கண்ட அண்ணனின் ஆத்திரம் என்று உருகினார். கண்ணாடிக்காரர் கட்டுப் போட்ட கையோடு கூண்டில் ஏறி, "ஐயா, என்னை எதுக்குன்னு மட்டும் அவரைச் சொல்லச் சொல்லுங்க" என்றார். மார்க்குக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு வருஷம் கிடைக்கும் என்றார்கள், இரக்கப்பட்டு நான்கு கொடுத்தார்கள். கண்ணாடிக்காரர் மேலேயும் முன்பே விசாரணை நடந்திருந்தது. பச்சைப் புண்ணோடு இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்துவிட்டு, ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். போலீஸ்தான் விட்டது. தெரு விடவில்லை. அவர் கடைப் பக்கம் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

நான்கு வருஷம் கழித்து வெளியே வந்தவரை அழைத்துப் போகத் துரை வண்டி வைத்துக்கொண்டு வந்தான். கிடங்கில் இப்போது பெரிய மேற்பார்வையாளர். கல்யாணமாகி ஒரு பையன். பையனுக்குச் சின்னவன் பெயரைத்தான் வைத்திருந்தான். வீட்டில் எல்லாம் புதுசு. மனைவி நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னாள். குழந்தையை மடியில் வைத்தார்கள். அவர் அதன் பெயரைக் கேட்டார், பிறகு கீழே இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

முன்னறையே கடையாகியிருந்தது. கண்ணாடிக்காரரின் மனைவி சாணைச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து வில்லை தேய்த்துக்கொண்டிருந்தாள். கணவர் பக்கத்தில் ஸ்டூலில் அமர்ந்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது, பறவைக் கால்போலச் சுருங்கி. வந்தவரைப் பார்த்ததும் அந்த அம்மாள் சக்கரத்தை நிறுத்தினாள். மார்க்குக்காரர் வாசல்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். சட்டை, மைத்துனன், படி, காலர், அடுப்பு, கம்பி வலை. ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துக் கையைக் கூப்பினார்.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு வருஷம் கழிச்சு எங்கிட்ட வந்து சொல்றீங்க. நான் செய்யலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

போனார். முதலில் ஸ்டேஷனுக்கு. பழைய எஸ்.ஐ. மாறியிருந்தார். புதியவர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"காலர் எங்க?"

"எரிச்சுட்டேன்."

"சட்டை?"

"கிழிச்சாச்சு."

"பாத்தவங்க?"

"என் தம்பி. செத்துட்டான்."

"நல்லா இருக்கு போங்க" என்றார் எஸ்.ஐ. ஆனாலும் கடமைக்குத் துரையையும் அவன் அக்காவையும் வரச் சொன்னார். துரை மாமாவின் கண்ணைப் பார்த்தே, "உள்ள இருந்ததுல இவருக்கு மனசு சரியில்ல சார். நாங்க பாத்துக்கறோம்" என்றான். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். வெளியே வந்ததும் அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு இது: "ஒருத்தன் கையைத் தின்னது பத்தலையா? இப்ப என் தம்பி கழுத்து வேணுமா உங்களுக்கு?" அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்கு இடமில்லை.

ஒரு தங்கும் விடுதியின் நிலவறையில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை கிடைத்தது. எல்லாம் வெள்ளை, எதற்கும் மார்க்கு கிடையாது. பக்கத்திலேயே குழாய்களுக்கு நடுவில் ஒரு கட்டில். வேலை முடிந்ததும் பழைய தெருவுக்குப் போவார். கடை கடையாக ஏறுவார். "கண்ணாடிக்காரர் செய்யலைங்க. என் மைத்துனன்தான். நான்தான் தப்பா நெனச்சுட்டேன்." முடிதிருத்துகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, "எவ்வளவு குடுத்தான்?" என்று கண்ணடித்தார். பேப்பர் கடைக்காரர், "விடுங்க பெரியவரே, நீங்க செஞ்சது நியாயம். என் தம்பியா இருந்தா நான் ரெண்டு கையையும் எடுத்திருப்பேன்" என்று முதுகில் தட்டினார். நீராவி அக்கா ஒருத்திதான் நம்பினாள். "எனக்கு அன்னிக்கு சாயங்காலமே தெரியும். அவரு கட்டைப் பிரிச்சு எண்ணினேன், நாலு சட்டைதான் இருந்துச்சு, நீலக் கோட்டைக் காணோம்" என்றாள்.

"நீ ஏன் சொல்லலை?"

"யாருகிட்ட? ஒருநாள் உடுப்புன்னு சொன்னா அத்தனை பேர் வேலையும் போயிருக்கும். எனக்கு மூணு பொண்ணு" என்றாள். அன்றைக்கு அவள் வாயில் வேடிக்கை வரவில்லை.

வாரத்துக்கு ஒரு தரம் கண்ணாடிக்காரரிடம் போய், இன்றைக்கு இன்னாரிடம் சொன்னேன் என்பார். கண்ணாடிக்காரர், சரி என்பார். உட்காரச் சொல்ல மாட்டார், போகவும் சொல்ல மாட்டார். இப்படி ஒன்றரை வருஷம்.

கண்ணாடிக்காரருக்கு ஒரே பெண். தபால் அலுவலகத்தில் வேலை. வயது முப்பதைத் தொட்டுவிட்டது. உள்ளூரில் யாரும் பெண் கேட்டு வரவில்லை, எப்படி வருவார்கள்? கடைசியில் தூரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனின் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்தார்கள். தெருமுனையில் வழி கேட்டார்கள். கேட்டது மார்க்குக்காரரிடம்.

இவர்கள் காதில் வேறு எவனாவது எதையாவது போடுவதற்குள் நாம் சொல்லிவிட வேண்டும் என்று பதறினார்.

"அந்த வீடுதாங்க. தங்கமான மனுஷன். அந்தச் சாவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாதுங்க. கொன்னது அவர் இல்ல. நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

பையனின் அப்பா நின்றுவிட்டார். "கொலையா? என்ன கொலை?"

அவர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. மார்க்குக்காரர் விளக்க விளக்க அது சிக்கலாகிக்கொண்டே போனது. தம்பி, சட்டை, இயந்திரம், சிறை. சித்தப்பா அண்ணனின் முழங்கையைத் தொட்டார். "வாங்கண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். இருவரும் வந்த வழியே திரும்பினார்கள். எதிர்ப்பக்கம் ஜன்னலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

கண்ணாடிக்காரர் தெருவுக்கு இறங்கி வந்தார். கோபப்படவில்லை, பட்டிருந்தால் மார்க்குக்காரருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியும். அன்னிக்கும் நல்லதுன்னுதான் நெனச்சீங்க. சொல்லாதீங்க. என் வீட்டுக்கும் வராதீங்க."

"அப்ப நான் என்ன செய்யறது?"

"என்னைக் கேட்டா?" என்றார் கண்ணாடிக்காரர்.

அதற்குப் பிறகு மார்க்குக்காரர் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. ஒன்பது வருஷம் நிலவறையில் விரிப்புகள் துவைத்தார். யாரோடும் அதிகம் பேச்சில்லை. விடுதிக்காரர்கள் அவரை ஊமை என்றே நினைத்திருந்தார்கள். ஒரு மழைக்கால மத்தியானம், ஈர விரிப்புகளை வண்டியில் ஏற்றும்போது, அதன் மேலேயே சாய்ந்து போய்விட்டார்.

உறவு என்று தேடிக் கண்டுபிடித்துச் சொன்னது துரைக்குத்தான். அவன் வந்தான். அக்காவையும் அழைத்து வந்தான். குறைவில்லாமல் எல்லாம் செய்தான், பழைய தெருவிலிருந்து முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். கண்ணாடிக்காரரும் வந்து மதில் ஓரமாக நின்றார். அவரை அடையாளம் கண்டவர்கள் விலகி நின்றார்கள். முடிதிருத்துகிறவர், "உனக்கு இங்க என்னய்யா வேலை?" என்று நேராகவே கேட்டார். கண்ணாடிக்காரர் நகரவில்லை. துரை ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்தான். பார்த்துவிட்டு மண்ணை அள்ளிப் போடத் திரும்பிக்கொண்டான்.

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி கேட்டாள். "அங்க எதுக்குப் போனீங்க? அந்த ஆளு செத்ததுல உங்களுக்கு என்ன துக்கம்?"

"எனக்காகப் பேசுன ஆளு அவன் ஒருத்தன்தான்" என்றார் அவர்.

அவள் பக்கத்தில் வந்து, அவருடைய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டாள்.